ஓதுவித்து அறிதல்

உத்திரமேரூர் அவையில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இன்றைய பொருள் இலக்கியம் படிக்கும் ஆய்வு மாணவரின் வாழ்வும், அவருடைய வாசிப்பும், அவர் ஆசிரியராகி ஒரு வகுப்பின் முன் நிற்பதும் பற்றியது. முதலில் படிப்பு, படிப்பு முடிந்தால் பட்டம், பட்டம் கிடைத்தால் வேலை, வேலை கிடைத்தால் கற்பித்தல் என்று இவற்றை வரிசையில் நிறுத்துவது உலக வழக்கம். கற்றுமுடித்தவரே கற்பிக்கத் தகுந்தவர் என்பது அந்த வரிசையின் உட்கருத்து. இந்த ஊரின் கற்சுவர் ஒன்று அந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருப்பதால், வேறெங்கும் தொடங்காமல் அந்தச் சுவரிலிருந்தே இப்பேச்சு தொடங்குகிறது.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருப்பதை இவ்வூரில் அறியாதவர் இல்லை. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட அவை, 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்ட இவ்வூரில் ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் சம்வத்சர வாரியத்துக்கும் உறுப்பினரைக் குடத்தில் இட்ட பெயரோலைகளிலிருந்து எடுக்கும் குடவோலை முறையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை வகுத்துரைக்கின்றன. தேர்தல் நேரத்தில் செய்தியாளர் வருவதும், சுவரைப் படம் எடுப்பதும், உலகின் பழைய மக்களாட்சி என்று எழுதிவிட்டுப் போவதும் வாடிக்கையாகிவிட்டன. ஆனால் அதே சுவரில் கல்வியைப் பற்றி இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் படம் எடுப்பவர் யார்?

குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதி உடையவர் யார் என்று சொல்லும் இடத்தில், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று கூறும் கல்வெட்டு, அடுத்துக் கல்வித் தகுதியைக் கூறுகிறது. மந்திர பிராமணம், அதாவது வேதத்தின் மந்திரப் பகுதியும் அதன் விளக்கப் பகுதியும், வல்லவராக இருந்தால் மட்டும் போதாது. அவர் 'ஓதுவித்தறிவான்' ஆக இருக்க வேண்டும். பிறருக்கு ஓதுவித்து, அதன் வழியாகத் தானும் அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். கால் வேலி இல்லை, அரைக்கால் வேலிதான் உண்டு என்றால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களுள், அதாவது விளக்கவுரைகளுள், ஒன்றும் 'வக்காணித்து' அறிபவர் என்றால் அவர் பெயரையும் குடத்தில் இடலாம். வக்காணித்தல் என்பது விரித்துப் பொருள் சொல்லுதல். நிலத்தில் பாதி குறைந்தால் அந்தக் குறையைப் படிப்பு ஈடு செய்யும். ஆனால் மனத்துக்குள் பூட்டி வைத்த படிப்பு ஈடு செய்யாது, நாலு பேருக்கு எடுத்துச் சொன்ன படிப்புதான் ஈடு செய்யும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்தால் அது நேர்மையாகாது. அந்தச் சுவர் பேசும் கல்வி வேதக் கல்வி. அந்தச் சபை பிராமணர் குடியிருப்பின் சபை. அதில் உழுத கைக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை, தமிழ்ப் பாட்டுக்கும் இடமில்லை. பெருமை பேசும் மேடைகளில் இந்தப் பகுதி வசதியாக விடுபட்டுப் போகிறது. ஆயினும் சொல் ஒன்று பிறந்துவிட்டால் அதைப் பிறப்பித்தவரின் வேலியைத் தாண்டிப் போவது மொழியின் இயல்பு. ஓதுவித்தறிதல் என்னும் சொல்லின் கருத்தும் அந்த வேலிக்கு வெளியே உண்டு.

எங்கே உண்டு? தமிழ் இலக்கணத்தில் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் என்னும் சமணர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், பாடம் சொல்லும் முறைக்கும் பாடம் கேட்கும் முறைக்கும் தனித்தனியே விதிகள் உண்டு. மாணாக்கரை அன்னம், பசு, கிளி என்றும், அந்த மட்டத்துக்கு வராதவரை ஆடு, எருமை, ஓட்டைக் குடம் என்றும் உவமை சொல்லி வகைப்படுத்தும் பகுதியை வகுப்பில் படித்துச் சிரிக்காத தலைமுறை இல்லை. அந்தச் சிரிப்பில் மறைந்துபோகும் ஒரு கணக்கு அதே பாயிரத்தில் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாக உள்வாங்கினாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு சேரும். மீதிப் பாதியும் எப்போது வரும் என்றால், தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போது வரும் என்பது பவணந்தியார் கணக்கு. காலும் காலும் அரையும் சேர்ந்து ஒன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டை அவர் பார்த்திருக்க வேண்டிய தேவையில்லை. கற்பித்துப் பார்த்தவர் எவரும் தனியாகவே வந்து சேரும் இடம் அது.

இந்தக் கணக்கை ஓர் ஆய்வு மாணவரின் வாழ்வோடு பொருத்திப் பார்க்கும் முன், கணக்கில் வராத ஒன்றைப் பேச வேண்டும். சோறு. மாணவர் எதைத் தின்று படித்தார்?

அதற்கும் இந்த வட்டாரத்துக் கல்லே விடை சொல்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த, நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, அங்கே இருந்தது என்பதற்காக அக்கல்வெட்டு புகழ்பெற்றது. அதே கோயிலின் சனநாத மண்டபத்தில் ஒரு கல்லூரியும் மாணவர் விடுதியும் நடந்ததையும் அது சொல்கிறது. இருக்கு வேதம் படிப்போர் 10 பேர், யசுர் வேதம் படிப்போர் 10 பேர், வியாகரணம் என்னும் இலக்கணம் படிப்போர் 20 பேர் என்று எண்ணி எழுதிய கை, அத்தோடு நிற்கவில்லை. அவர்கள் உண்ண அரிசி, படுக்கப் பாய், இரவில் எரிய விளக்கெண்ணெய், சனிக்கிழமை தலை முழுக எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கல்லில் இறக்கி வைத்திருக்கிறது.

சனிக்கிழமை எண்ணெய்! அரசனின் மெய்க்கீர்த்தி எழுதும் அதே கல்லில், மாணவன் தலைக்கு வைக்கும் எண்ணெயும் எழுதப்பட்டிருக்கிறது. படிக்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒருநாள் உடம்புச் சூடு தணிய வேண்டும், இரவில் ஏடு பார்க்க வெளிச்சம் வேண்டும், பகலில் வயிறு நிறைய வேண்டும் என்பதை யாரோ ஒருவர் யோசித்து, அதற்கு நிலம் ஒதுக்கி, ஒதுக்கியது நின்றுபோகாமல் இருக்கக் கல்லிலும் வெட்டி வைத்தார். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் நடந்த கல்லூரியின் கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. 14 ஆசிரியர், 340 மாணவர். அவர்களுள் 270 பேர் இளநிலையினர், 70 பேர் மேல்நிலையினர். இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் படித்த மேல்நிலை மாணவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. மேற்படிப்புக்கு வந்தவருக்கு வயது கூடுகிறது, தேவை கூடுகிறது, வீட்டின் எதிர்பார்ப்பும் கூடுகிறது என்பதை அந்த 4 நாழி வேறுபாடு ஒப்புக்கொள்கிறது.

இன்றைய நிலை என்ன? தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியவருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். எண்ணாயிரத்து நாழியோடு ஒப்பிட்டால் குறை சொல்ல முடியாத தொகைதான். ஆனால் அது கிடைப்பது சிலருக்கு. கிடைத்தவருக்கும் மாதந்தோறும் கிடைப்பதில்லை என்பது ஆய்வு மாணவர் இருவர் சந்தித்தால் முதலில் பேசிக்கொள்ளும் செய்தி. உதவித்தொகை இல்லாத பெரும்பான்மையினர் பகலில் தனியார் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, இரவில் ஆய்வேடு எழுதுகின்றனர். கிராமத்து மாணவி ஒருத்தி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தால், அவள் படிப்பைப் பற்றி ஊர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: 'இன்னும் முடியலையா?' அந்தக் கேள்வியை ஐந்து ஆண்டுகள் தாங்குவதற்கு உதவித்தொகை எதுவும் இல்லை.

திருமுக்கூடலிலும் எண்ணாயிரத்திலும் தமிழ் இலக்கியம் பாடமாக இருந்ததாக அக்கல்வெட்டுகள் சொல்லவில்லை. அப்படியானால் தமிழ் படித்தவர் எங்கே படித்தார்? திண்ணையில் படித்தார், மடத்தில் படித்தார், புலவர் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய்ப் படித்தார். அந்தப் படிப்புக்குப் பெயர் 'பாடம் கேட்டல்'. புத்தகம் வாசித்தேன் என்று அக்காலத்து மாணவர் சொல்லமாட்டார்; இன்ன புலவரிடம் இன்ன நூல் பாடம் கேட்டேன் என்றுதான் சொல்வார். கண்ணைவிடக் காது முந்திய கல்வி அது. அதற்குக் காரணமும் உண்டு. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். 'கா' என்று படிப்பதா, 'கர' என்று படிப்பதா என்பதை ஓலை சொல்லாது, பொருள் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே அக்காலத்தில் ஒருவர் உரக்க வாசிப்பதே பாதி உரை. ஆசிரியர் இல்லாமல் எழுத்தே விளங்காத நிலையில், தனிமை வாசிப்பு என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?

அப்படிப் பாடம் கேட்டவர்களுள் உலகறிந்தவர் உ. வே. சாமிநாதையர். 1855இல் உத்தமதானபுரத்தில் பிறந்த அவர், 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்து, 1876இல் பிள்ளை மறையும் வரை உடனிருந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி அவரே 'என் சரித்திரம்' நூலில் விரிவாக எழுதியிருப்பவற்றுள் ஒரு காட்சியை மட்டும் இங்கே நிறுத்திப் பார்ப்பது தகும். பிள்ளை தம் வீட்டுக் கொல்லையில் மரங்களை வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் அவற்றில் எங்கே தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பது அவருக்கு விருப்பமான வேலை. புது மாணவருக்கோ ஆசிரியரிடம் தனியாகப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. என்ன செய்தார்? ஆசிரியர் எழும் முன் தாம் எழுந்து, மரம் மரமாகப் பார்த்து, எந்தக் கிளையில் தளிர் வந்திருக்கிறது என்று மனத்தில் குறித்துக்கொண்டு, பிள்ளை வந்ததும் காட்டினார். தளிரைப் பார்த்த முகம் மலர்ந்தது. மலர்ந்த நேரத்தில் பாடமும் கிடைத்தது.

ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று கவனிப்பதைக் காரியவாதம் என்று சிலர் சொல்லக்கூடும்; கொஞ்சம் காரியவாதம்தான். ஆனால் அந்தக் கண் பழகியது எதற்கு என்று பாருங்கள். நேற்று இல்லாதது இன்று இருக்கிறது என்பதைக் கிளையில் கண்டுபிடித்த அதே கண், பிற்காலத்தில் ஒரு சுவடியில் இருக்க இன்னொரு சுவடியில் இல்லாத எழுத்தைக் கண்டுபிடித்தது. அந்த மாணவ வாழ்வில் இழப்பும் இல்லாமல் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் கற்றுவந்த இசை, தமிழ்ப் படிப்புக்கு இடையூறு என்று ஆசிரியர் கருதியதால் நின்றுபோயிற்று. இன்றைய நெறியாளர் எவரேனும் அப்படிச் செய்தால் அவரைப் பாராட்ட இயலாது. அன்று பிள்ளை செய்ததையும் பாராட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

பிள்ளையிடம் கேட்ட பாடம் நன்னூல் கணக்குப்படி கால் பங்கு என்றால், மீதிப் பாதி எப்போது வந்தது? 1880இல் வந்தது. தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் அரசுக் கல்லூரியில், பேராசிரியர்கள் முன் பாட்டுச் சொல்லிப் பொருள் விரித்துக் காட்டி, மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் சாமிநாதையர் ஆசிரியரானார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியல் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. படித்ததில்லை, பார்த்ததும் இல்லை.

அடுத்து நடந்ததுதான் இப்பேச்சின் நடு இடம். முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றைத் தேடிக் கொடுத்து, அதைத் தமக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தமக்கே தெரியாத நூலைப் பிறருக்கு எப்படிப் பாடம் சொல்வது? தெரியாது என்று அவர் ஒதுங்கவில்லை. தெரிந்துகொண்டு வருகிறேன் என்று நாள் கேட்கவும் இல்லை. சொல்லிக்கொண்டே கற்றார். நச்சினார்க்கினியர் உரையில் புரியாத இடம் வந்தபோது, அது சமணக் காப்பியம் என்பதால், கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். போன வீட்டில் வாசலில் கோலமும் தோரணமும். என்ன விசேடம் என்று கேட்டால், சிந்தாமணி வாசித்து நிறைவு செய்த நாள் என்றார்கள். புலவர் உலகம் மறந்திருந்த காப்பியத்தை ஒரு குடும்பம் வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் படித்து முடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது! கல்லூரி ஆசிரியர் அவர்களிடம் மாணவரானார். காலையில் கேட்டதை மாலையில் சொல்வதும், மாலையில் சொல்ல முடியாததை மறுநாள் கேட்பதுமாக ஆண்டுகள் ஓடி, 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஓதுவித்தறிதல் என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு ஏது?

திருப்பருத்திக்குன்றத்துச் சினகாஞ்சியும், வந்தவாசி, செய்யாறு பக்கத்துத் தமிழ்ச் சமணர் ஊர்களும் உத்திரமேரூருக்கு அண்டையில்தான் இருக்கின்றன. இங்கே தமிழ் முதுகலை படிக்கும் மாணவருள் எத்தனை பேர், பாடத்தில் சிந்தாமணி இருக்கும் ஆண்டில், அவ்வூர்களில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்? கேள்வி மாணவரைக் குறை சொல்வதற்கு அல்ல. அவர்களை அனுப்பாத பாடத்திட்டத்தைப் பற்றியது.

உடனிருந்து சொல்ல ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1962இல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போயிருந்த ஏ. கே. இராமானுசன், பழந்தமிழுக்கு எளிய இலக்கண நூல் ஏதேனும் கிடைக்குமா என்று ஒரு சனிக்கிழமை நூலகத்தின் நிலவறைக்குள் போனார். கையில் அகப்பட்டது இலக்கண நூல் அன்று. உரையோடு கூடிய பழந்தமிழ்ப் பாடல் தொகை. அடுக்குகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பிரித்தவருக்கு, பாட்டு பூட்டியிருந்தாலும் உரை திறந்திருந்தது. அந்த வழியில் போய்த்தான் அவர் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கி 1967இல் நூலாக்கினார்.

அந்த உரை ஏன் அவருக்குத் திறந்தது? தமிழ் உரை என்பது எழுத்தில் நின்றுபோன வகுப்பறை. 'அஃது என்னை எனின்' என்று உரையாசிரியர் அடிக்கடி எழுதுகிறாரே, அந்த 'என்னை' யாருடைய குரல்? முன்னால் உட்கார்ந்து ஏன் என்று கேட்ட மாணவனுடைய குரல். அவன் பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, கேள்வி மட்டும் உரைக்குள் இருக்கிறது. கேள்வி இருக்கும் நூல்தான் தனியாகப் படிப்பவரையும் வகுப்பில் உட்கார வைக்கும். இன்று தேர்வுக்கு விற்கும் கைடு நூல்களில் இல்லாதது அந்தக் குரல்தான். அவற்றில் விடைகள் இருக்கின்றன, கேட்டவன் இல்லை.

இதே குறை ஆய்வேடுகளிலும் புகுந்துவிட்டது. முன்னுரை, ஐந்து இயல், முடிவுரை, ஒவ்வொரு பக்கத்திலும் அடுக்கிய மேற்கோள். மூலநூலை ஒருமுறையேனும் முழுதாக உரக்க வாசித்த தடயம் இல்லாத ஏடுகள் டைப் செய்யும் கடையிலிருந்து நேரே நூலக அலமாரிக்குப் போகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்டம் 1948இல் மு. வரதராசனாருக்குக் கிடைத்தபோது, சங்கப் பாடல்களில் இயற்கை பற்றிய அவருடைய ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழைப் பற்றித் தமிழில் எழுதும் உரிமை அதன் பிறகு படிப்படியாக வந்தது. வந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன எழுதப்படுகிறது என்பது வேறு கதை. மு.வ.வின் பாதையில் கவனிக்க வேண்டியது பட்டத்துக்கு முந்திய பகுதி: கல்லூரி வாசல் மிதிக்காமல் தாமே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் முதலாவதாகத் தேறினார், பள்ளியில் பாடம் சொன்னார், 1939இல் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார், வகுப்பெடுத்துக்கொண்டேதான் ஆய்வும் செய்தார். பாதிப் பங்கை முதலில் வாங்கிக்கொண்டு மற்றப் பாதிக்குப் போனவர் அவர்.

பாதிப் பங்கை வாங்கும் இடம் கல்லூரியாகத்தான் இருக்க வேண்டுமா? 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு, படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் கிராமந்தோறும் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். கோயில் மண்டபம், தெருத் திண்ணை, வீட்டு வாசல், கிடைத்த இடமெல்லாம் வகுப்பு. தமிழ் முதுகலை முடித்த ஒருத்தி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுக்கும்போது, இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது என்று அந்தப் பிள்ளை கேட்டால், பல்கலைக்கழகத்தில் எவரும் கேட்காத அந்தக் கேள்விக்கு அவள் அங்கேயே நின்று விடை தேட வேண்டியிருக்கும். குடவோலைக் கல்வெட்டு எந்தப் பெண்ணுக்கு இடம் தரவில்லையோ, அதன் சொல்லுக்கு இன்று உரியவள் அவள்.

கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்ததற்கும் சாமிநாதையரே சான்று. 1942இல் போர் அச்சத்தால் சென்னையை விட்டு மக்கள் வெளியேறிய நாள்களில், சாமிநாதையரும் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்துக்கு வந்து தங்கினார். உத்திரமேரூரும் அன்று அதே மாவட்டம்தான். 1940 சனவரி முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது 'என் சரித்திரம்'. மாயூரத்துத் தளிரையும், கும்பகோணத்துத் தோரணத்தையும், எந்த ஊரில் எந்த நூல் பாடம் கேட்டார் என்பதையும், 85 வயதைத் தாண்டியவர் வரிசை தவறாமல் வாரம் ஒரு பகுதியாகப் பல்லாயிரம் வாசகருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தார். மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த காலத்தை ஒட்டிய பகுதியோடு சரித்திரம் நின்றுவிட்டது.